அறுபத்தேழாவது அடி

அடுத்தவர் கதைக்கு நான் கை கால் மூக்கு வைப்பேன். இத்தாலியில் பாரி நகரத்தின் பழைய சந்துகளில் அது ஊரறிந்த விஷயம். இதற்கு மட்டும் வைக்கவில்லை. தன் மானமே போகிற கதைக்கு யாராவது வைப்பார்களா?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. துறைமுகத்தில் பக்கத்து வீட்டுச் சபீனோ வலை தைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி டோலோராவின் கன்னத்தில் வாரத்துக்கு ஒரு புது நீலம். தப்பித்துப் போக அவள் எடுத்த ரயில் டிக்கெட்டை என்னிடம் மட்டும்தான் காட்டியிருந்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

"என்னடா, உன் பொண்டாட்டி மிலானுக்கு டிக்கெட் எடுத்துட்டாளாமே! உனக்கு எடுக்கலையா?"

சிரித்தான். ஊசியை வலையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனான்.

மதியம். சாப்பிட்டு, ஜன்னலை அடைத்துக்கொண்டு தெருவே தூங்கியது. 2.10. சபீனோ வீட்டு முற்றத்தில்...

தொப். தொப். தொப்.

பேய்க்கணவாயை, அதுதான் ஆக்டோபஸை, கல்லில் அடிக்கிற சத்தம். எட்டுக் காலும் மெத்தென்று ஆக நாற்பது அடி போதும். எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே தின்போம். சுற்றுலா வருகிறவர்கள் வாய்பிளந்து படம் பிடிப்பார்கள். எங்களுக்கு அது தாலாட்டு. படுத்தபடி எண்ணினேன்.

நாற்பது தாண்டியது. ஐம்பது... ஏதோ முறிந்தது. கணவாய்க்கு ஏது எலும்பு?

கதவு தட்டப்பட்டது. டோலோரா. தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ரோசெட்டாக்கா, ஒரு எலுமிச்சம்பழம் குடு."

"பெருசா மாட்டுச்சாடி?"

"பெருசுதான். இன்னும் அடிச்சு முடிக்கல."

கையை நீட்டினாள். ஐந்து விரலும் ஐந்து பக்கம் தொங்கின. பழம் நழுவி உருண்டது.

"நீதானேக்கா சொன்ன?"

அறுபத்தாறு...

அறுபத்தேழு.

நின்றது. 2.19.

வாசலில் யாரும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாகக் கடல் கொந்தளிப்பு. ஒரு படகும் போகவில்லை.

மூன்று மணிக்குப் போலீஸ் வந்து பூட்டைத் திறந்தது. டோலோராவைப் போர்வையில் வாரித்தான் எடுத்தார்கள்.

சபீனோ அவளைக் கொன்றது காலை பதினொரு மணிக்கு. ஒன்றரைக்குத் தானே காவல் நிலையம் போய் உட்கார்ந்தவன், இரண்டரைக்குத்தான் வாயைத் திறந்தானாம். காலையில் அந்தச் சத்தம் சந்து முழுக்கக் கேட்டதாம். கணவாய்தானே என்று இருந்துவிட்டார்களாம். அவள் முதலில் ஓடிவந்து தட்டியது என் கதவைத்தானாம். நான் அடுத்த சந்தில் டிக்கெட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாக்குமூலத்தில் சபீனோ சொன்னது இது:

"கைப்பழக்கம் சார். எண்ணிக்கிட்டேதான் அடிச்சேன். அறுபத்தேழு."