கர்துங் லா ஸ்டிக்கரும் ஒரு புட்டி நார்த்தங்காயும்

கண்ணால் பார்க்காத ஒரு மலைக்கணவாயின் ஸ்டிக்கரை வண்டியில் ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியவன் நான். இதை எழுதும்போதே காது சூடாகிறது. ஆனாலும் எங்கேயாவது ஒரு இடத்தில் சொல்லித் தொலைக்கத்தானே வேண்டும்?

மூன்று வருடத்துக்கு முன்பு, ஐம்பதைத் தொடும் நேரத்தில், நெடும்பயணத்துக்கென்றே செய்த பெரிய பைக் ஒன்றை வாங்கினேன். லடாக் போக வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து எனக்குள் கிடந்த ஏக்கம். மலைப்பயணப் புத்தகங்களே என் அலமாரியில் இரண்டு தட்டு இருக்கும். ஆனால் வீடு திருவனந்தபுரம் கரமனையில், அலுவலகம் கிழக்கேகோட்டையில். நடுவே மூன்று கிலோமீட்டர்.

அந்த மூன்று கிலோமீட்டருக்காக வண்டியின் இருபுறமும் அலுமினியப் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, எஞ்சினைச் சுற்றி இரும்புக் கார்டு, உபரி பெட்ரோல் கேனுக்கு ஒரு ஸ்டாண்டு என்று மாதத்துக்கு ஒன்றாக மாட்டினேன். கூடுதல் விளக்குகளைப் போட்ட வாரமே பழவங்காடியில் போலீஸார் நிறுத்தி அவற்றைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அதையும் ஒரு சாகசம் போல அலுவலகத்தில் சொல்லித் திரிந்தேன். ஞாயிறுதோறும் செயினைத் துடைத்து எண்ணெய் போடுவேன். ஓடித் தேய்ந்ததைவிட நான் துடைத்துத் தேய்ந்ததே அந்த வண்டியில் அதிகம். பெட்டியில் என்ன என்று யாராவது கேட்டால், என் மனைவி ஒளிவுமறைவில்லாமல் "முருங்கைக்காய்" என்று சொல்லிவிடுவாள்.

லடாக் போய்வந்த அலுவலக நண்பர் கர்துங் லா கணவாயின் ஸ்டிக்கர் ஒன்றைக் கொடுத்தார். போய்வந்து ஒட்டலாம் என்று நாலு மாதம் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஐந்தாம் மாதம் ஒட்டிவிட்டேன். இடது பெட்டியில், எல்லோர் கண்ணிலும் படும்படி.

அடுத்த ஜூன் மாதம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு காலை, துறைமுகத்துக்கு வரும் கப்பலைப் பார்க்க விழிஞ்ஞம் கிளம்பினேன். முக்கோலையைத் தாண்டியதும் பின் டயரில் ஆணி. கொஞ்ச தூரம் தள்ளினால் ஒரு பஞ்சர் கடை. உள்ளே இருந்தது நாற்பது வயதுள்ள ஒரு அம்மா. பேச்சைக் கேட்டதும் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. கடை கணவருடையது. அவர் வேலையாக வெளியூரில் இருப்பதால் தானே நடத்துவதாகச் சொன்னார். டயரைச் சுற்றி விரலால் தடவி ஆணியைக் கண்டுபிடித்து, குறட்டால் பிடுங்கி, ரப்பர் திரியைத் துளையில் திணித்தார். நான் பாதி கேள்வி கேட்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் கை நின்றது.

"சார் இங்கெல்லாம் போயிருக்கியளா?"

நான் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஒரு ஆட்டல்தான்.

அவர் கணவர் அங்கேதான் இருந்தார். அந்தக் கணவாய்க்கு அப்புறம் நடக்கும் ரோட்டு வேலையில் டிப்பர் லாரிகளுக்கு டயர் மாட்டும் வேலை. ஊர் வந்து ஒன்றரை வருடம். கணவாயின் மஞ்சள் பலகை முன்னால் நின்று அவர் எடுத்து அனுப்பிய ஒரு போட்டோவை அந்த அம்மா போனில் காட்டினார். கம்பளித் தொப்பிக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது. அங்கே மூச்சு முட்டுமாமே, ராத்திரி உறக்கம் வராதாமே என்று கேட்டார்.

படித்ததெல்லாம் வாயில் வந்து நின்றது. மெலிந்த காற்று, படபடக்கும் வண்ணக் கொடிகள், விடிந்தும் விடியாத நேரத்தில் பனி நீலமாகத் தெரிவது, தலைவலிக்குக் கொடுக்கும் பூண்டு சூப் என்று இருபது நிமிடம் பேசினேன். நல்ல பேச்சுதான், ஒத்துக்கொள்கிறேன். ரப்பர் பசை விரலிலேயே காய அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கப்பலை நான் மறந்தே போனேன்.

அடுத்து எப்போது போவீர்கள் என்றார். சீக்கிரம் என்று சொல்லிவைத்தேன். இருங்கள் என்று உள்ளே போனவர், செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் பாலிதீன் போட்டு, டியூப் ரப்பரால் கட்டிய ஒரு புட்டியோடு வந்தார். நார்த்தங்காய் ஊறுகாய். "டயர்க்காரன்னு கேட்டா யாருஞ் சொல்லுவாவ. அவிய கையிலயே குடுத்திருங்க" என்று, ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைத் திறந்து அவரே வைத்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்கப்புறம் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, நிஜமாகவே போய்விடுவது என்று முடிவு செய்தேன். லீவு கேட்டேன், ஆயில் மாற்றினேன், பிரேக் கட்டை மாற்றினேன். கடற்காற்றுக்கே மப்ளர் கட்டுகிற ஆள் நீங்கள் என்றாள் மனைவி. சரி, முதலில் முழுச் சுமையோடு ஒரு வெள்ளோட்டம் என்று கூடாரம், படுக்கை, பெட்ரோல் கேன், புட்டி எல்லாவற்றையும் ஏற்றி ஆரல்வாய்மொழி வரை போனேன்.

அங்கே ஆடிமாதக் காற்று. இரண்டு பெட்டியும் பாய்மரம் மாதிரி அதை வாங்கிக்கொண்டன. பயந்துபோய் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். மழையில் ஊறிய மண்ணில் சைடு ஸ்டாண்டு மெதுவாக இறங்க, வண்டி மெதுவாகச் சாய, பிடித்துவிடலாம் என்று நான் குனிய, இரண்டு பேரும் மரியாதையாகப் படுத்துக்கொண்டோம். மூன்று பேர் வந்து தூக்கினார்கள். அதில் ஒருவர், "என்ன அண்ணாச்சி, உள்ள அம்மிக்கல்லா?" என்றார். எல்லாம் நான் ஆசை ஆசையாக மாட்டிய இரும்புதான். பெட்டி நசுங்கியது, என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊறுகாய்ப் புட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. டாக்டர் ஒரு மாதம் படுக்கச் சொல்லி, இனிமேல் இவ்வளவு கனமான வண்டியோடு மலைப்பக்கம் நினைக்கவே வேண்டாம் என்றார். முப்பது வருட ஏக்கத்தை அவர் ஒரு சீட்டில் எழுதி முடித்துவிட்டார்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும், பஸ் பிடித்து, புட்டியை மடியில் வைத்துக்கொண்டு முக்கோலை போனேன். நான் போகவில்லை, இனிப் போகப் போவதும் இல்லை, எப்போதுமே போனதில்லை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்த அம்மா புட்டியை வாங்கி முந்தானையால் துடைத்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அப்போ அந்தக் கொடி, நீலப் பனி எல்லாம்?"

புத்தகத்தில் படித்தது என்றேன்.

"எழுதினவிய போயிருப்பாவல்லா?"

"போயிருப்பாங்க."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த ஆட்டோ டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

ஓணத்துக்கு அவர் கணவர் லீவில் வந்தார். அந்த அம்மாவிடமிருந்து போன் வந்ததும், மாட்டியதையெல்லாம் கழற்றி, இடது பெட்டி ஒன்றை மட்டும் விட்டுவைத்த வண்டியில் மெதுவாகப் போனேன். அவர் பழைய சோற்றுக்கு அதே நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டிருந்தார். நீலப் பனியெல்லாம் கவனித்ததில்லை, டிப்பர் டயரைத்தான் தினமும் பார்க்கிறேன் என்றார். கை கழுவி வந்தவர், பழக்கதோஷத்தில் என் பின் டயர் முன்னால் குந்தினார். புது டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழைகள், நடுவில் தேய்ந்துபோய், இரண்டு ஓரத்திலும் அப்படியே இருந்தன. மலை வளைவில் சாய்ந்து ஏறிய வண்டிக்கு ஓரத்தில் முடி நிற்காது என்று சிரித்தார். இதைப் பார்க்காமலா ஊறுகாயைக் கொடுத்தாய் என்று மனைவியைக் கேட்டார்.

"ஆணி தேடும்போதே பாத்தாச்சு. இனிமேலாவது ஒருவேளை போயிட்டாவன்னா?" என்றார் அந்த அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

பொய் என்று தெரிந்துமா இருபது நிமிடம் கேட்டீர்கள் என்றேன்.

ஸ்டிக்கரைக் கிழித்தாயிற்று. அது இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் இன்னும் பளபளவென்று இருக்கிறது. நான் போகாத இடம் அந்த அளவுதான், ஒரு உள்ளங்கை. ஒவ்வொரு ஞாயிறும் அதைத் துடைக்கும்போது ஏக்கம் தீரவில்லை என்று தெரிகிறது. அது என் ஒருவனுடையது மட்டும் இல்லை என்றும் தெரிகிறது. கூடவே அன்று அந்த அம்மா சொன்ன பதிலும் ஞாபகம் வரும்:

"போகாதவியதான் சார் இவ்வளவு விவரமாச் சொல்லுதாவ. போன மனுசன் 'நல்லா இருக்கேன், வை'ன்னு போனை வச்சிருதாவ."