பெயர் எழுதாத சுக்கினிப் பைகள்

நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத கோடையில், அமெரிக்காவிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவர் இருந்தது நியூயோர்க்கில் அல்ல, ஒரு பெற்றோல் நிலையமும் இரண்டு தேவாலயங்களும் மட்டுமே உள்ள சிற்றூரில் என்று தெரிந்ததுமே, ஒன்பது வயதான எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"எங்கட ஊரிலை ஆவணி மாசம் மட்டுந்தான் காரைப் பூட்டுவினம்," என்றார்.

"கள்ளருக்குப் பயந்தோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை அத்தான், சுக்கினிக்கு. தோட்டத்திலை அவ்வளவு காய்க்கும். பூட்டாட்டி அயலட்டை ஒரு பையைப் பின் சீற்றிலை வைச்சிட்டுப் போயிடும். இல்லாட்டி வீட்டு வாசலிலை. பேரும் எழுத மாட்டினம்."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நாங்கள் இருவருமே நம்பவில்லை.

நிரூபிக்க நினைத்தாரோ என்னவோ, அடுத்த நாள் மாமா வெள்ளரிக்காய் போலிருக்கும் அந்தச் சுக்கினியைக் கடையில் வாங்கிவந்து எங்கள் தொடர்மாடியின் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பை வைத்தார். படியில் எதிர்ப்பட்டால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களின் வாசல்கள் அவை. மாலைக்குள் கீழ்க் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது: இந்தப் பைகளை வைத்தது யார்?

"இனிப் பொலிஸ்தான்," என்றார் அப்பா.

"நான் காய்தானே வைச்சனான், குண்டோ?"

"அந்தச் சொல்லை இஞ்சை சொல்லாதை," என்று அம்மா சீறினார். பிறகு என்னிடம், "ஆரும் கேட்டால் எங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லு, பிள்ளை. வீட்டை விட்டு எழுப்பிப்போடுவினம்," என்றார்.

மறுநாள் மாமாவும் நானும் படியிறங்கும்போது மூன்றாம் மாடிப் பெண்மணி மறித்தாள். அவள் கையில் அந்தப் பை, வெறுமையாக, நான்காக மடித்து இருந்தது. "உங்கள் வீட்டிலிருந்து வந்ததா?" என்று நோர்வீஜிய மொழியில் கேட்டாள். இல்லை என்றேன். மொழி புரியாத மாமா பல் தெரியச் சிரித்தபடி நின்றார். அவள் அவரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "ஸுன்," என்று மெல்லச் சொல்லிவிட்டு மேலே போனாள்.

அந்தச் சொல்லைச் சமய வகுப்பில் படித்திருந்தேன். கடவுளுக்கு ஆகாத செயல். என் பொய் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"என்னவாம்?"

"நாங்கள் பாவம் செய்துபோட்டமாம்."

மாமாவின் சிரிப்பு நின்றது. அன்றே, எடுக்கப்படாத பைகளையெல்லாம் வாசல் வாசலாகப் போய்ப் பொறுக்கிவந்தார். திரும்பிப் போகும்வரை படியில் எவரையும் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

இப்போது என் மூன்று வயது மகள் பிஸ்கட் உடைந்தாலும் அதே "ஸுன்"னைத்தான் சொல்கிறாள். அடடா, வருத்தந்தான், என்ற பொருளில். பையைத் திருப்பித் தந்து நன்றி சொல்ல ஆள் கிடைக்கவில்லையே என்றுதான் அந்தப் பெண்மணியும் சொல்லியிருப்பாள். தமிழிலும் விழுந்த பிள்ளையைப் பார்த்து நாங்கள் பாவம் என்றுதானே சொல்கிறோம். அன்று அந்த ஒரு சொல்லோடு நான் நிறுத்தியிருந்தால் மொழிபெயர்ப்புச் சரியாகவே இருந்திருக்கும். 'செய்துபோட்டம்' என்பதைச் சேர்த்தது நான்தான்.