ஒரு நேரத்துக்கு ஒன்று

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில், மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் சுவர் பிளக் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஜன்னல் இல்லாத நடு அறையில் இருந்தது. அந்த அறைதான் என் ஆபீஸ். கோர்ட்டுக் காகிதங்களை ஆங்கிலத்தில் மாற்றித் தருவது என் பிழைப்பு. முன்கூடத்தில் நல்ல வெளிச்சம் உண்டு. ஆனால் அங்கே உட்கார்ந்தால் தெருவில் போகிறவனெல்லாம் நின்று பேச்சுக் கொடுப்பான். எனக்குக் கடுப்பாக வரும். எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம்.

மேசை விளக்கு, காற்றாடி, கரண்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், மூன்றையும் ஒரே சமயத்தில் வாங்கி வந்தேன். ஒரு பிளக்கில் மூன்றைச் செருகுகிற கட்டை ஒன்றும் கடையில் கொடுத்தார்கள். மூன்றையும் மாட்டி, மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சுவிட்சைப் போட்டேன். கெட்டில் முனகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கட்டை கருகி நாற்றமெடுத்தது, வீடே இருண்டது.

கரண்டு வேலைக்காரர் வந்து பியூஸ் கம்பியை மாற்றினார். "இத்தனையும் ஒன்னுல மாட்டாதீங்க. வீடு பத்திக்கும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான், நான் சட்டம் போட்டுவிட்டேன். கட்டையைத் தூக்கி எறிந்தேன். 'ஒரு நேரத்துக்கு ஒன்று' என்று காகிதத்தில் எழுதிப் பிளக்குக்கு மேலே ஒட்டினேன். கோர்ட்டுக் காகிதத்தோடு பழகினவன் அல்லவா, எழுதிவிட்டால் அது எழுதினதுதான்.

அடுத்த வருஷம் என் மனைவிக்கு இளைப்பு வந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுக்க முடியாது, தலையணையை அடுக்கிச் சாய்ந்தே கிடப்பாள். "மேல நல்லா காத்து படட்டும், அதுதான் அவங்களுக்கு ஆறுதல்" என்றார் டாக்டர். காற்றாடிக்காக அவள் கட்டிலை நடு அறைக்கே கொண்டுவந்தேன்.

அங்கேதான் வம்பு. காற்றாடி ஓடினால் எனக்கு விளக்கு இல்லை. விளக்கு எரிந்தால் அவளுக்குக் காற்று இல்லை. காலையில் கொஞ்ச நேரம் அவளுக்கு, பிறகு எனக்கு, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு மறுபடி அவளுக்கு என்று முறை வைத்தேன். வேலை நெருக்கினால் அவள் முறையையும் நான் எடுத்துக்கொள்வேன். நான் காகிதத்தைக் கையில் எடுத்ததைப் பார்த்தாலே, "நீங்க விளக்கைப் போடுங்க. எனக்கு ஒன்னும் வேர்க்கல" என்பாள். முந்தானை நனைந்து கழுத்தில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் விளக்கை மாட்டுவேன். மேசையை முன்கூடத்துக்கு நகர்த்த எனக்குத் தோன்றவில்லை. இப்போது இதை எழுதவே கை கூசுகிறது.

ஒரு நாள் அவசரக் காகிதம். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து காற்றாடியைப் பிடுங்கி விளக்கை மாட்டினேன். முதலில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. அப்பாடா, அயர்ந்துவிட்டாள் என்று நினைத்து எழுதினேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் விளக்கைப் பிடுங்கிக் காற்றாடியை மாட்டி அவள் பக்கம் திருப்பினேன். நெற்றி முடி பறந்தது. அவள் கண் திறக்கவில்லை.

அவளுக்காக நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத முன்கூடத்தில் கூடுதல் விளக்கு வேண்டியிருந்தது. அதே வேலைக்காரர் வந்தார். நடு அறைக்குள் போனவர் சுவரைப் பார்த்து நின்றார்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான். நீங்க சொன்னதுதானே."

"நான் சொன்னது அந்தக் கெட்டிலுக்குங்க. சூடு பண்ற சாமான்தான் கரண்டை ஏகத்துக்கு இழுக்கும். அதை மட்டும் தனியா போடணும். விளக்கும் காத்தாடியும் சேர்ந்தா என்ன இழுத்துடப் போகுது? நல்ல கட்டையா வாங்கி ரெண்டையும் நாள் பூரா ஓட விடலாமே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க கேக்கலையே, பாய்" என்றார்.

கேட்கவில்லைதான். படுக்கையில் விழுந்த முதல் வாரமே அவள் சொன்னாள், "என்னாங்க, ரெண்டையும் போட வழி இருக்கான்னு அந்த ஆளை ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று. எனக்குத் தெரியாததை அவன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று சீறினேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை.