ஆறு மணிக்கு ஏழு அடித்த மணிக்கூடு

என் மனைவிக்குக் கண் தெரியாது. விறாந்தையில் தொங்கும் பழைய மணிக்கூட்டின் அடிதான் அவளுக்கு நேரம். காலையில் ஏழு அடித்ததும், பேனை போன்ற இன்சுலின் ஊசியைக் கிளிக் கிளிக்கென எண்ணித் திருகித் தானே போட்டுக்கொள்வாள். துறைமுகப் பக்கம் நடக்கப்போகும் நான் ஏழே காலுக்கு இடியப்பத்தோடு திரும்புவேன். எட்டு வருடமாக ஒரு பிசகும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்து பார்த்தால், வியர்வையில் நனைந்து, நாக்குக் குழறக் கதிரையில் சரிந்து கிடந்தாள். சீனித் தண்ணீர் பருக்கினேன். பேச்சு வர அரை மணித்தியாலம் ஆனது.

"ஏழு அடிச்சாப்பிறகுதான் போட்டனான்" என்றாள்.

அப்போது மணிக்கூடு எட்டு மணி காட்டி, ஒன்பது அடித்தது. ஊசி போட்டது ஆறு மணிக்கு, ஒன்றேகால் மணித்தியாலம் வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறாள் என்று விளங்கியது. பாலையூற்றில் இருக்கும் அவள் தம்பியை உடனே வரச்சொன்னேன். முதல்நாள் அவன் மகளைப் பெண்பார்க்க வந்தவர்களை எங்கள் வீட்டில்தான் வரவேற்றோம்.

"நீர் இந்த மணிக்கூட்டைத் தொட்டனீரோ?"

"ஓம் அத்தான். நாலுக்கு வாறமெண்டவை, தம்பலகாமத்தில யானை மறிச்சு அஞ்சு பத்துக்கு வந்தினம். நாலரைக்குப் பிறகு ராகுகாலம், அதில தட்டு மாத்தமாட்டன் எண்டு என்ர மனுசி நிண்டவ. ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விட்டனான். பிறகு சரியா வச்சிட்டுத்தானே போனனான்!"

நான் வாசலில் வாகனங்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தபோது நடந்த திருவிளையாடல் இது. இருபது பேர் பையிலும் கைபேசி. ராகுவுக்கு அதைப் பார்க்கத் தெரியாதாம்.

இந்த மணிக்கூடு முள்ளைப் பார்த்து அடிப்பதில்லை. கடைசியாக எத்தனை அடித்ததோ, அதற்கு அடுத்ததை அடிக்கும். ஐந்தைத் தாண்டிய முள்ளைப் பின்னே இழுத்து மறுபடி ஐந்தைத் தாண்டவிட்டால், ஆறு அடிக்கும். அதன்பின் எப்போதும் ஒன்று கூடுதலாகத்தான் அடிக்கும்.

மச்சானைக் கதிரையில் ஏற்றினேன். நேரம் பத்து கடந்திருந்தது. பெரிய முள்ளைப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோனான், பன்னிரண்டு அடித்தது. அடித்த எண்ணுக்கே சின்ன முள்ளைத் திருப்பச் சொன்னேன். பிறகு முன்னோக்கி மட்டும், ஒவ்வொரு மணியிலும் அடித்து முடியும்வரை நின்று நின்று, ஒன்றிலிருந்து பத்து தாண்டும்வரை போகவேண்டும். ஊசலை நிறுத்திவிட்டு நண்பகல்வரை காத்திருந்தாலும் போதும். அதை நான் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து அடியையும் கேட்கட்டும்.

"கை கடுக்குது அத்தான், ஏலாது."

"பின்னுக்குத் திருப்ப ஏலுமெண்டா முன்னுக்கும் ஏலும். நில்லும்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "இஞ்சேருங்கோ, நேற்றிரவு எட்டு மணிக்கு ஒன்பது அடிக்கேக்க நீங்கள் அதுக்குக் கீழதானே பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

இருந்தேன்தான். முள் எட்டில் நின்றதையும் பார்த்தேன். அடியை நான் எண்ணியதே இல்லை. மச்சான் கதிரையில் நின்றபடி சிரித்தான். அவனை இறங்கிப் போகச் சொன்னேன். மீதி அடிகளை நானே அடிக்கவிட்டேன்.

இப்போது அது சரியாகத்தான் அடிக்கிறது. ஆனாலும் ஏழு அடித்து ஓய்ந்ததும் அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏழுதானே?" என்று கேட்கிறாள். ஓம் என்று சொல்ல நான் வீட்டில் இருக்கவேண்டும். காலை நடையை நிறுத்திவிட்டேன்.