அண்ணன் கேட்ட வாய்க்கரிசி

அண்ணன் சீனர் வீட்டில் பிறந்தவர். பத்து நாள் குழந்தையாக இருந்தபோது, மலேசியாவில், கிள்ளானில் எங்கள் அம்மா அவரைத் தத்தெடுத்தார். தமிழ்ப் பள்ளியில்தான் படித்தார். ரசம் இல்லாவிட்டால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். அவரைத் தவிர எனக்கு வேறு அண்ணன் இல்லை.

இந்த ஓராண்டு நினைவு மலரில் அவரைத் தொழிலதிபர் என்று மட்டும் எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். பூசி மெழுக எனக்குத் தெம்பில்லை. இளவயதில் சீனக் கும்பல் ஒன்றில் சேர்ந்து, அதற்குத் தலைவராகவும் ஆனார். கடைக்காரர்களை மிரட்டினார். ஆள் வைத்து அடித்தார். அவர் கொண்டுவந்த எதையும் அம்மா கடைசிவரை தொடவில்லை. நியூசிலாந்துக்கு, இந்த ஆக்லாந்துக்கு வந்தபின் கோட்டு மாட்டிக்கொண்டு நகர மையத்தில் நிதி நிறுவனம் நடத்தினார். வங்கி கைவிரித்தவர்களுக்கு வீடு வாங்க மார்ட்கேஜ் கடன் கொடுத்தார். அப்படி வாங்கிய வீட்டில் உட்கார்ந்துதான் உங்களில் பலர் இதைப் படிக்கிறீர்கள்.

படுக்கையில் விழுந்தபின் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தங்கச்சி, செல்வம் இங்கதான், ரானுயில இருக்கானாம். நான் போனா அவன் வாய்க்கரிசி போடணும். போய்க் கேளு லா.”

செல்வம் கிள்ளானில் எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கும்பலைப் பற்றிப் போலீசில் சொன்னதற்காக, அண்ணன் சொல்லி அவருடைய வலது கையை உடைத்தார்கள். அந்தக் கை இன்றுவரை சரியாகவில்லை.

“நீங்களே மன்னிப்புக் கேளுங்கண்ணே. வாய் இல்லையா?” என்றேன்.

“உயிரோட இருக்கிறப்ப அவன் மூஞ்சிய எப்படிப் பார்க்கிறது?”

ஊரையே நடுங்கவைத்தவர் இப்படிச் சொன்னார்.

நான்தான் போனேன். செல்வம் தேநீர் கொடுத்தார்.

“வர்றேம்மா. போடுறதும் போடாததும் அங்க வந்து பார்த்துக்கிறேன்.”

வருவதாகச் சொன்னதை மட்டும் அண்ணனிடம் சொன்னேன். மீதியை மறைத்துவிட்டேன். “வர்றானாம்,” என்று தாதியிடம்கூடத் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கினார். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

பென்ரோஸ் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் இறுதிச் சடங்கு. அவரால் வீடு வாங்கியவர்கள், பேப்பரில் படம் வந்துவிடும் என்று பயந்து வாசலோடு நின்றார்கள். செல்வம் உள்ளே வந்தார். இடது கையால் அரிசியை அள்ளினார். அண்ணன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். அரிசியைத் தட்டில் திரும்பக் கொட்டினார்.

“வந்துட்டேம்மா. இதுக்கு மேல முடியல.”

பெட்டியை மூடும்வரை நின்றிருந்தார்.

அண்ணனைக் கவனித்த தாதியருக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. இரண்டு பஸ் மாறி வந்த செல்வத்துக்கும் நன்றி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கொட்டிய அரிசியைத்தான் நான் எடுத்து அண்ணன் வாயில் போட்டேன்.

— தங்கை