கிணற்றடியில் நர்ஸ் பரீட்சைக்குப் படித்த கோடை

அப்பா சித்தப்பாவை மண்வெட்டியால் வெட்டியபோது நானும் சித்தப்பா மகளும் கொஞ்சம் தள்ளித் தென்னை நிழலில் உட்கார்ந்து எலும்புகளின் பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தோம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பாலக்காட்டு எல்லையில், பெருமாட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு தோப்பும் அதை ஒட்டிக் கடலைக் காடும் இருந்தன. தாத்தா இறந்த பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க வழியில்லை. ஒரே கிணறு, ஒரே மோட்டார், முறை வைத்துத் தண்ணீர். மழை பெய்த வருஷங்களில் முறையைப் பற்றி யாரும் பேசியதுகூட இல்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கரண்ட் வருவதே கொஞ்ச நேரம்தான். அதற்குள் கிணறு சேற்றைக் கக்க ஆரம்பித்துவிடும்.

சித்தப்பா மகள் முறைக்கு எனக்குத் தங்கை, வயதில் சில மாதமே இளையவள். இருவரும் ஒன்றாகத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து ஒன்றாக எஸ்.எஸ்.எல்.சி. பாஸானோம். பாலக்காட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி பரீட்சை வைத்து நர்ஸ் படிப்புக்குப் பெண்களை எடுக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து சொன்னது சித்தப்பாதான். அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"கண்டவன் மூத்திரத்தை எடுக்கற வேலைக்கு என்ற புள்ளையை அனுப்புவனா?"

"கண்டவன் ஊட்டுக்குக் கட்டிக்குடுத்து ஒதை வாங்கறதுக்கு அது தேவலீங்ணா," என்றார் சித்தப்பா.

அப்பா சிரித்துவிட்டார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. என்னை என்ன செய்வதென்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அப்படித்தான் சம்மதம் கிடைத்தது. பரீட்சைக்கு உதவும் ஒரு தடிப் புத்தகத்தைச் சித்தப்பா கோயமுத்தூரிலிருந்து வாங்கிவந்தார். இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். முன்பாதியில் இங்கிலீஷும் கணக்கும், பின்பாதியில் உடம்பும் நோயும் முதலுதவியும். தமிழில் படித்த எங்களுக்கு இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொன்றும் கல்லாக இருந்தது. அதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக் கடித்துக் கடித்து விழுங்கினோம்.

கோடை ஏற ஏற இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சித்தப்பாவின் மூத்த மகன், எனக்கும் அண்ணன் முறை, எங்கள் மாடு வரப்புத் தாண்டியதென்று கடப்பாரையால் அதன் காலை முறித்தான். அப்பா அந்த ஆத்திரத்தை அம்மாவின் முதுகில் தீர்த்தார். அவர் அடிப்பது எங்கள் வீட்டில் புதிதில்லை. அந்தக் கோடையில் கையோடு நிற்காமல் கட்டையை எடுத்தார். ஆனாலும் நானும் தங்கையும் சாயங்காலம் கிணற்றடிக்குப் புத்தகத்தோடு வந்துவிடுவோம். எங்களை யாரும் தடுக்கவில்லை. பெண்பிள்ளைகள் படிப்பதை ஒரு விஷயமாகவே அவர்கள் நினைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு அப்பாவின் முறை. கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். முறை முடிந்தும் மோட்டார் ஓடியது. சித்தப்பா நேராக மோட்டார்க் கொட்டகைக்குள் போய்ப் பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். மோட்டார் நின்றதும் காடே சட்டென்று அமைதியானது. அப்பா மடையிலிருந்து மண்வெட்டியோடு ஏறி வந்தார்.

"கட்டையைக் குடுறா."

"உன்ற மொறை முடிஞ்சுது."

"கடைசிப் பாத்தி காயுதுறா. குடு."

"என்றது வாரமாக் காயுது. அது உனக்குக் கண்ணுக்குத் தெரியிலியா?"

அப்பா கையை நீட்டினார். சித்தப்பா அவர் கழுத்துத் துண்டைப் பிடித்து முறுக்கி, கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அண்ணனைத் தம்பி அடித்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அப்பாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அது ஒரு பையனின் முகம்போல இருந்தது. பிறகு மண்வெட்டி மேலே போய் இறங்கியது.

சித்தப்பாவின் வலது கையில், முழங்கைக்கு மேலே விழுந்தது வெட்டு. ஈரத் தென்னை மட்டையில் அரிவாள் இறங்குகிற சத்தம். வெள்ளையாக எலும்பு தெரிந்தது, உடனே ரத்தம் அதை மறைத்தது. பீஸ் கட்டையை விடாமல் பிடித்தபடியே சித்தப்பா உட்கார்ந்தார். இதயம் அடிக்கிற கணக்கில் ரத்தம் பீச்சியது.

தங்கை ஓடிப்போய் வெட்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கினாள். "தாவணியை அவுருடி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அவிழ்த்துக் கொடுத்தேன். வெட்டுக்கு மேலே சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினோம். புத்தகத்தில் படம் போட்டிருந்ததுபோலவே செய்தோம். ரத்தம் குறைந்தது, நிற்கவில்லை. சித்தப்பா "சாமி, சாமி" என்று முனகிக்கொண்டிருந்தார். அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாய்க்கால் மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

தேங்காய் ஏற்ற வந்து ரோட்டில் நின்றிருந்த லாரியில் சித்தப்பாவைப் படுக்கவைத்துப் பக்கத்திலுள்ள சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நான் குச்சியைப் பிடித்திருந்தேன், அவள் வெட்டை அமுக்கியிருந்தாள். பாவாடையும் ரவிக்கையுமாக இருந்த எனக்கு லாரிக்காரர் தன் துண்டைக் கொடுத்தார்.

டாக்டர் வந்து சித்தப்பாவை உள்ளே எடுத்துப்போனார். கதவு மூடியது. தங்கை தன் கைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் என் சடை அவள் கையில் இருந்தது.

"என்ற அய்யனைக் கொன்னுபோட்டானே உங்கய்யன்! கொன்னுபோட்டானே!"

வராந்தாத் தூணில் என் தலையை மோதினாள். முகத்தில் குத்தினாள். முன்பல் ஒன்று உதட்டுக்குள்ளேயே உடைந்தது. நான் பொறுமையாக வாங்கிக்கொள்ளவில்லை. அவள் வயிற்றில் உதைத்தேன், தோளைக் கடித்தேன். இருவரும் தரையில் உருண்டோம். எந்த ரத்தம் சித்தப்பாவுடையது, எது எங்களுடையது என்று தெரியாத அளவுக்கு இரண்டு பேர் உடம்பிலும் ரத்தம். ஒரு நர்சும் வார்டு ஆயாவும் வந்து எங்களைப் பிரித்தார்கள். அந்த நர்ஸ் என் உதட்டில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே மலையாளத்தில் திட்டினார். திட்டு முழுக்கப் புரிந்தது. மலையாளம் எனக்கு அவ்வளவு தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சித்தப்பா பிழைத்தார். கை பிழைக்கவில்லை. நரம்பு அறுந்ததால் விரல்கள் மடங்காமல் தொங்கின.

அப்பாவைப் போலீஸ் கொண்டுபோனது. பிறகு ஜாமீனில் திரும்பி வந்தார். அந்த வாரமே எங்கள் இளந்தென்னைகள் அத்தனையின் குருத்தையும் யாரோ வெட்டிப்போட்டிருந்தார்கள். யாரென்று ஊருக்கே தெரியும். மாட்டின் காலை முறித்த அண்ணன் கடைவீதியில் நின்று, "மரத்தோட நிக்காது, சொல்லிப்போடு" என்று எங்கள் பண்ணையாளிடம் சொல்லியனுப்பினான். அம்மா பகலிலேயே கதவைத் தாழ்போட ஆரம்பித்தாள்.

புத்தகம் கிணற்றடியிலேயே கிடந்தது. பயம் கொஞ்சம் தெளிந்ததும் எடுக்கப் போனேன். தங்கை எனக்கு முன்னால் வந்து அதைக் கையில் எடுத்திருந்தாள். அட்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"எங்கய்யன் வாங்குனது," என்றாள்.

"எனக்குஞ் சேத்தித்தான் வாங்குனாரு."

நான் பிடித்து இழுத்தேன். அவளும் விடவில்லை. நடுத் தையல் கிழிந்து அவள் கையில் முன்பாதியும் என் கையில் பின்பாதியுமாகப் புத்தகம் பிரிந்தது. அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள். போகும்போது அழுதாள். முதுகு குலுங்கியதில் தெரிந்தது.

என்னிடம் இருந்த பாதியை மாட்டுக் கொட்டகையில் ஒளிந்து படித்தேன். கணக்கும் இங்கிலீஷும் போனது போனதுதான். கிணற்றடியில் இருவரும் ஒப்பித்ததில் நினைவில் நின்றதை மட்டும் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார்.

"உன்ற சித்தப்பன் மூட்டிவுட்ட படிப்புத்தான இது?"

மாட்டுச் சவுக்கால் அடித்தார். கை ஓயும்வரை அடித்தார். நடுவில் வந்து விழுந்த அம்மாவுக்கும் விழுந்தது. அடித்து முடித்ததும் சவுக்கைத் தூர எறிந்துவிட்டுச் சாணி மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. முதுகு எரிந்துகொண்டிருந்தது. இந்த வீட்டைவிட்டுப் போயாக வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது மனதில் இல்லை.

பரீட்சை நாளும், அப்பா ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போகிற நாளும் ஒன்றாக வந்தன. அவர் படியிறங்கியதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தங்கை அதே பஸ்ஸில், முன் சீட்டில், தனியாக இருந்தாள். வீட்டில் சொல்லாமல் வந்திருந்தாள். அய்யனுக்குச் சோறு ஊட்ட ஆள் வேண்டும், படிப்பு வேண்டாம் என்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது. பாலக்காடு வரை அவள் பின்கழுத்தைப் பார்த்தபடியே வந்தேன்.

பரீட்சையில் முதலுதவி பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. வட்டிக் கணக்கும், இங்கிலீஷில் ஒரு கட்டுரையும், விட்டமின்களும் வந்தன. கணக்கில் பாதியை விட்டுவிட்டேன். மத்தியானம் இன்டர்வியூ, அதுவரை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

கேட்டருகே அண்ணன் நின்றிருந்தான். தங்கையைத் தேடி அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறான். அவள் வருமுன் நான் அவன் கண்ணில் பட்டேன்.

"வெட்டுனவன் மகளுக்கு வைத்தியப் படிப்பாடீ?"

சடையைப் பிடித்துச் சுற்றி, மதில் சுவரில் என் முகத்தை அறைந்தான். புருவம் கிழிந்தது. கண்ணில் ரத்தம் இறங்கி எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. அம்மா அவன் காலைப் பிடித்தாள். அவளை உதறித் தள்ளினான். மறுபடி என்னை இழுத்தபோது யாரோ பாய்ந்து வருவது தெரிந்தது. தங்கை. அவன் மணிக்கட்டில் பல்லை இறக்கினாள். அவன் அலறிக்கொண்டு என் சடையை விட்டான்.

"அவளை அடிக்கறதுன்னா நா அடிப்பேன்! நீ யாருடா? வெட்டு வுழுந்தப்ப நீ எங்கடா இருந்தே? அவதான் கட்டுனா! அவளும் நானுந்தான் கட்டுனோம்!"

அவன் அவளை அறைந்தான். ரவிக்கைக் கை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. அவள் நகரவில்லை. கீழே கிடந்த செங்கலை எடுத்துக்கொண்டு, "வா," என்றாள். அடிக்கத்தான் போகிறாள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதற்குள் காவல்காரரும் கன்னியாஸ்திரிகளும் ஓடி வந்தார்கள். அண்ணன் எங்கள் எல்லோரையும் சேர்த்து வைதுகொண்டே ரோட்டைக் கடந்து போய்விட்டான்.

என் புருவத்துக்கு அங்கேயே தையல் போட்டார்கள். கட்டோடுதான் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தேன். வயதான கன்னியாஸ்திரி ஒருவர், "எந்து பற்றி?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்கிறார். பஸ்ஸில் விழுந்துவிட்டேன் என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னேன். அடுத்ததாகத் தங்கையைக் கூப்பிட்டுக் கிழிந்த ரவிக்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவள் கிணறு, மண்வெட்டி, தாவணி, அண்ணன் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். இதை அந்தக் கன்னியாஸ்திரியே பிற்பாடு என்னிடம் சொன்னார். அவளுக்கு உடனே இடம் கிடைத்தது. எனக்கு, சேர வேண்டிய ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவள் வராமல் போனதால் கிடைத்தது.

வழக்கு ராஜியில் முடிந்தது. கிணற்றையும் அதைச் சுற்றிய நிலத்தையும் அப்பா சித்தப்பாவுக்கு எழுதிக்கொடுத்தார். கை கொடுத்து வாங்கிய கிணறு என்று ஊரில் சொன்னார்கள். மகளை அனுப்பச் சொல்லிச் சித்தப்பா தன் வீட்டில் ஒற்றைக் கையால் சோற்று வட்டிலை விசிறியடித்துச் சண்டை போட்டாராம். என்னை அனுப்பும்போது அப்பா வீட்டில் இல்லை.

ஹாஸ்டலில் தங்கை என்னோடு பேசவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். அவள் வார்டில் டூட்டியில் இருந்ததால் நான் போய்ப் பார்த்தேன். வலது கை சட்டைப் பைக்குள் செருகியிருந்தது.

"நல்லாப் படிக்கறயா கண்ணு?" என்றார்.

"படிக்கறனுங்க சித்தப்பா."

"உங்கய்யன் எப்படி இருக்கறான்னு நாங் கேக்க மாட்டேன். நீயுஞ் சொல்லாதே." வறுத்த கடலைப் பையை இடது கையால் நீட்டினார். "ரெண்டு பேருந் தின்னுங்க."

வார்டு வராந்தாவில் நின்று உரித்துத் தின்றுகொண்டிருக்கும்போது தங்கை வந்துவிட்டாள்.

"எங்கய்யன் கொண்டாந்ததை நீ எப்படித் திங்கலாம்?"

"அவருதான் குடுத்தாரு."

பையைப் பிடுங்கி அதாலேயே என் முதுகில் ஓங்கி அடித்தாள். பை கிழிந்து கடலை வராந்தா முழுக்கச் சிதறி, அங்கே போட்டிருந்த நோயாளிக் கட்டிலுக்கு அடியிலும் உருண்டது. நான் அவள் தொப்பியைத் தட்டிவிட்டேன். சத்தம் கேட்டு வந்த வார்டு சிஸ்டர் எங்கள் இருவர் காதையும் திருகி, கடலையைப் பொறுக்கச் சொன்னார், பிறகு வார்டின் மலப்பாத்திரம் அத்தனையையும் கழுவச் சொன்னார்.

முட்டிபோட்டுப் பொறுக்கினோம். வெகுநேரம் கழித்து, முகத்தைப் பார்க்காமலே, "கட்டிலுக்கடியில இன்னம் கெடக்குது, எடு," என்றாள்.

எடுத்தேன். சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் இருவரும் அதை உரித்து வாயில் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போனோம்.