பெருவிரல் அகலம்

தொழிற்சங்க வேலை என்றால் மற்றவனுக்காகக் குரல் கொடுப்பது. இப்போது விரலும் கொடுக்க வேண்டியிருக்கிறது. தொடுதிரையில் ஒன்றைத் தொட, பக்கத்தில் இருந்தது திறந்து பல்லைக் கடித்தவர்களே, நீங்கள் என் ஆட்கள்.

உளுந்தளவு

திருகோணமலைத் துறைமுக வாசலில் ஒப்பந்தக்காரர் ஒரு திரையை மாட்டினார். காலையில் நம் பெயருக்கு நேரே 'வரவு' என்பதைத் தொட வேண்டும். அதை ஒட்டி 'லீவு'. இரண்டும் உளுந்தளவு. முன்கூட்டிச் சொல்லாமல் மூன்று லீவு விழுந்தால் வேலை போய்விடும். உப்புவெளி அந்தோனி கப்பல் கயிறு இழுக்கிறவர்; விரல்கள் தடித்துப்போனவை. ஒரே வாரத்தில் அவருக்கு இரண்டு லீவு விழுந்தது.

"தோழர், நான் இங்க நிக்கிறன், அது என்னை வீட்டில எண்டு சொல்லுது."

நோட்டீஸ்

துண்டுப்பிரசுரம் படித்தே அறிவு பெற்றவன் நான். இதற்கும் ஒன்று எழுதினேன்: தொடும் இடம் சிறுத்தாலும் தூரப்போனாலும் தொட நேரம் எடுக்கும், அவசரத்தில் தப்பும், பொத்தான் பெருவிரல் அகலம் வேண்டும், இடையில் இரண்டு விரல் வெளி வேண்டும். பாரம் தூக்கும் இயந்திரம் ஓட்டுகிற கிண்ணியா நசீர் அதை இரண்டு முறை படித்தார்.

"சம்பளம் கேட்ட மனுசன் இப்ப பொத்தான் கேக்கிறீங்க. அடுத்தது கதவுக் கைபிடியோ?"

மூலை

பொத்தானைப் பெருப்பித்தார்கள். ஆனால் 'வரவு' மேலே இடது மூலையில்; அதன்பின் தொட வேண்டிய 'உறுதி' கீழே வலது மூலையில், பொட்டளவு. தேடிக் கண்டுபிடிப்பதற்குள் திரை முதலுக்கே திரும்பிவிடும். கந்தோரை, அதாவது அலுவலகத்தை, கூட்டுகிற ராணியக்கா கட்டைபறிச்சானில் இருந்து வருகிறவர்.

"கொட்டியாரக் குடாவைக் கடந்து வந்தனான், தம்பி. இந்தத் திரையைக் கடக்க ஏலாமக் கிடக்கு."

கந்தோர்த் திரை

வாசலை மறித்து உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் இணங்கினார்கள்: 'வரவு', 'உறுதி' இரண்டும் பெரிதாக, அருகருகே வரும், அந்தோனியின் பொய் லீவுகளும் அழிக்கப்படும். அழிக்கும்போது நானும் அந்தோனியும் மேற்பார்வையாளரின் பின்னால் நின்றோம். அவருடைய திரையில் 'சேமி'க்குப் பக்கத்திலேயே 'நீக்கு', உள்ளங்கை அகலத்தில். அவருடைய விரல் அதில் பட்டது. பட்டியலில் அந்தோனியின் பெயர் இல்லை. திரும்பச் சேர்க்கும் பொத்தான் ஐந்து திரைகளுக்கு அப்பால் இருக்கிறதாம். அதைக் கொழும்பில் இருப்பவர்தான் தொடலாமாம். "கை தவறிப் பட்டிட்டுது, ஐயா," என்றார் மேற்பார்வையாளர். அந்தோனி அவருடைய மெல்லிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவருக்கும் ஒரு லீவு விழுமோ, தோழர்?"

முப்பது வருடம் வாசலில் கத்திய நான் வென்று கொடுத்த பெருவிரல் அகலப் பொத்தானை இன்று எல்லோரும் தப்பாமல் தொடுகிறார்கள், அந்தோனியைத் தவிர.